அமர்வு நேரம் மாறும்போது கேள்வி நேரத்தைக் காப்பது

நாடாளுமன்ற அவையின் அமர்வு நேரம் மாறப்போகிறது என்றதும், மசோதாக்களுக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுவார்கள். அவைச் செயலகத்தில் கேள்விகளைக் கவனிக்கும் வினாப் பிரிவில் இருப்பவர்கள் அதற்கு முன்பே, உறுப்பினர்கள் அமைச்சர்களைக் கேள்வி கேட்கும் கேள்வி நேரத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். கேள்வி நேரம் சில சமயம் புதிய அட்டவணையில் இடம் இல்லாமல் போய்விடுகிறது.

மக்களவை நடைமுறை விதி 32, ஒவ்வோர் அமர்வின் முதல் ஒரு மணி நேரத்தைக் கேள்விகளுக்கு ஒதுக்குகிறது. கடிகார நேரத்தைச் சொல்லாமல் அமர்வைச் சொல்வது இந்த விதியின் பலம். அவை காலை 11 மணிக்குக் கூடினாலும் பிற்பகல் 3 மணிக்குக் கூடினாலும் கேள்வி நேரம் கூடவே நகரும். ஆனால் சபாநாயகர் வேறுவிதமாகப் பணித்தால் இது பொருந்தாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. ஓட்டை அங்கேதான்.

2020 செப்டம்பர் 14இல் தொடங்கிய மழைக்காலக் கூட்டத்தொடரில் அது நடந்தது. கொரோனா தொற்று காரணமாக இரு அவைகளும் ஆளுக்கு நான்கு மணி நேரம் என ஷிப்ட் முறையில் கூடின. உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரம் அரை மணியானது, கேள்வி நேரம் முழுதாக நீக்கப்பட்டது. எதிர்ப்புக்குப் பிறகு எழுத்துப் பதில்களுக்கு மட்டும் இடம் கிடைத்தது. பதில்தான் வந்துவிட்டதே, இதில் என்ன இழப்பு என்று கேட்பவர்கள் பதிலைக் கேட்டதும் அங்கேயே தொடுக்கும் துணைக் கேள்வியை மறந்துவிடுகிறார்கள். எழுத்துப் பதிலைத் துறை அதிகாரிகள் முன்கூட்டியே தயாரித்துவிடுகிறார்கள். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சரே எழுந்து பதில் சொல்லி, அதன்பின் வரும் துணைக் கேள்விகளையும் சந்தித்தாக வேண்டும். துறை அவர் கையில் இருக்கிறதா என்பது அந்தச் சில நிமிடங்களில் தெரியும். மக்களவையின் ஒரு நாளைய பட்டியலில் இருக்கும் 20 நட்சத்திரக் கேள்விகளில் சிலவற்றுக்குத்தான் அந்த வாய்ப்பு அமைகிறது. அதையும் இழப்பது சிறிய விஷயமல்ல. 2021 பட்ஜெட் கூட்டத்தொடரில் ஷிப்ட் முறை தொடர்ந்தபோதே கேள்வி நேரம் திரும்பி வந்தது. ஆகவே ஷிப்டைக் காரணம் காட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை.

நேரம் குறைவது கண்ணுக்குத் தெரிகிறது. நாள் குறைவது தெரிவதில்லை. அமைச்சகங்களை ஐந்து தொகுதிகளாகப் பிரித்து, திங்கள் முதல் வெள்ளி வரை ஆளுக்கொரு நாள் கொடுத்திருக்கிறார்கள். ஒரு திங்கட்கிழமை அமர்வு ரத்தானால், அந்தத் தொகுதி அமைச்சர்கள் வாய்மொழியாகப் பதில் சொல்வது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். மூன்று வாரக் கூட்டத்தொடரில் அவர்களுக்குரிய நாட்களில் மூன்றில் ஒன்று அப்படியே போய்விட்டது. அதற்கு ஈடாகச் சனிக்கிழமை அவை கூடினாலும், அன்று கேள்வி நேரம் வைக்காமல் விடுவதுதான் பெரும்பாலும் வழக்கம். ஈட்டு நாள் என்று அறிவித்தால், இழந்த நாளுக்குரிய தொகுதியையும் அதனுடன் சேர்த்தே அறிவிக்க வேண்டும்.

மாநிலங்களவை 2014 குளிர்காலக் கூட்டத்தொடரிலிருந்து கேள்வி நேரத்தைக் காலை 11 மணியிலிருந்து நண்பகல் 12 மணிக்கு மாற்றியது. காலையில் கிளம்பும் அமளி முதல் மணி நேரத்தோடு அடங்கிவிடும் என்பது எதிர்பார்ப்பு. அமளியும் சில நாட்களில் 12 மணிக்கு இடம் பெயர்ந்தது. ஆனாலும் அந்த மாற்றத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு. அவை முடியும் நேரத்தை மாலை 5 மணியிலிருந்து 6 மணிக்கு நீட்டினார்கள். மற்ற அலுவல்களுக்கு வேண்டிய நேரத்தைக் கேள்வி நேரத்தில் வெட்டி எடுக்கவில்லை.

நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் இதே சிக்கல் வேறு வடிவில் வந்தது. அங்கே மசோதாக்களை விரைந்து நிறைவேற்றும் அவசர நடைமுறையில் அவை நீண்டால், மறுநாள் விடிந்தாலும் கணக்கில் அது முந்தைய நாளின் அமர்வுதான். அதனால் அன்று பிற்பகல் 2 மணிக்கு நடக்க வேண்டிய கேள்வி நேரம் காணாமல் போகும். 2011இல் நிலையாணைகளை, அதாவது அவை நடைமுறை விதிகளை, திருத்தி, அவசர நடைமுறை இல்லாமலேயே காலையில் கூடுதல் அமர்வு நடத்த வழி செய்தார்கள். கூடுதல் வேலை காலையில் முடிகிறது, 2 மணிக் கேள்விகள் தொடப்படுவதில்லை. எனக்குத் தெரிந்த ஏற்பாடுகளில் இதுவே சிறந்தது.

கடைசியாக முன்னறிவிப்பு. மக்களவையில் கேள்விக்கு 15 முழு நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது பொது விதி. அமர்வுத் தேதியை அதைவிடக் குறுகிய காலத்தில் அறிவித்தால், கேள்வி நேரம் பட்டியலில் இருந்தும் கேட்கக் கேள்வி இருக்காது. எனவே அமர்வு மாற்றத்தை அறிவிக்கும் அதே ஆணையில் கேள்வி நேரம் தொடங்கும் மணி, அதன் நீளம், எந்த அமைச்சகத் தொகுதி, நோட்டீஸுக்குக் கடைசித் தேதி ஆகிய நான்கும் இருக்க வேண்டும். தேதி நெருக்கமாக இருந்தால் முன்னறிவிப்பு நாட்களைக் குறைக்கும் உத்தரவையும் அதிலேயே எழுதிவிட வேண்டும். தனி அறிவிப்பாகப் பின்னால் வந்தால், கேள்விகளின் வரிசையை முடிவு செய்யும் குலுக்கலுக்குள் உறுப்பினர்களால் நோட்டீஸ் கொடுக்க முடியாது.