எல்லா ரெப்போவும் ஒரே ஓட்டத்தில்

என் கிட் ரெப்போக்களை, அதாவது நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் ஃபோல்டர்களை, பேக்கப்புக்காக வேறோர் இடத்துக்கு அனுப்பும் ஸ்கிரிப்டை ஓட்டினேன். டெர்மினலில் ஃபோல்டர் பெயர்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் 'எவ்ரிதிங் அப்-டு-டேட்', புதிதாக அனுப்ப எதுவுமில்லை.

ஒன்றில் மட்டும் 'நியூ பிராஞ்ச்', அதாவது அங்கே இதுவரை இல்லாத கிளை, என்று வந்தது. அம்மாவுக்கு மருந்து நேரத்தை நினைவூட்ட எழுதிய சின்ன நிரல். அந்த நொடி வரை அது இந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது.

ஸ்கிரிப்ட் பெரிதில்லை. ரெப்போவின் அடையாளமான '.கிட்' ஃபோல்டர் இருக்கும் இடங்களையெல்லாம் தேடி, ஒவ்வொன்றிலும் 'கிட் புஷ்' (அனுப்பும் கட்டளை) கொடுக்கும் ஒரு ஃபார் லூப். அப்புறம் இரவில் தானாக ஓட ஒரு கிரான் வரி.

ஒன்றைக் கவனியுங்கள். புஷ்ஷுடன் '--ஆல்' கொடுத்தால் பிராஞ்சுகள் போகும், டேக்குகள் (வெர்ஷன்களைக் குறிக்க இடும் பெயர்கள்) போகாது. அதற்கு '--டேக்ஸ்' போட்டு இன்னொரு புஷ் வேண்டும்.

'--மிரர்' எல்லாவற்றையும் ஒரேயடியாக அனுப்பும்தான். ஆனால் இங்கே அழித்த பிராஞ்சை அங்கேயும் அழித்துவிடும். பேக்கப்புக்கு அது வேண்டவே வேண்டாம்.

லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட்டில், குளோன் செய்தால், அதாவது ரெப்போவைப் பிரதி எடுத்தால், முழு வரலாறும் கூடவே வரும். எவ்வளவு பெரிய வரம்! இரண்டாவது பிரதி என்று ஒன்று இருந்தால்தானே அது நமக்கு உதவும்?

கமிட் செய்யாத, அதாவது வரலாற்றில் இன்னும் பதியாத, மாற்றங்கள் புஷ்ஷில் போகாது. அப்படிக் கிடக்கும் ஃபோல்டர்களின் பெயரையும் கடைசியில் காட்டச் சொல்லியிருக்கிறேன்.