கண்ணை மூடி ஒரு முக்கோணம்

காலையில் கண்ணை மூடி 'முக்கோணம்' என்று நினைத்துப் பார்த்தேன். பள்ளி நோட்டில் பென்சிலால் போட்டதுபோல ஒரு சமபக்க முக்கோணம் வந்தது. எந்த வகையும் இல்லாத வெறும் முக்கோணம் வரவே இல்லை.

பொதுச் சொற்கள் மனத்தில் உள்ள பொதுக் கருத்துகளைக் குறிக்கின்றன என்றார் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக். அவர் சொன்ன பொது முக்கோணம் சமபக்கமும் அல்ல, இருசமபக்கமும் அல்ல, அசமபக்கமும் அல்ல. ஒரே நேரத்தில் எல்லாமும், எதுவும் இல்லாததும். அதை மனத்தில் உருவாக்கச் சிரமப்பட வேண்டும் என்று அவரே ஒத்துக்கொண்டார். 1710இல் ஜார்ஜ் பெர்க்லி இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். அயர்லாந்துத் தத்துவவாதி, அப்போது வயது 25தான். அப்படி ஒரு கருத்து உங்களுக்குள் இருக்கிறதா, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

சரி, அப்படி ஒரு கருத்தே இல்லையென்றால் 'முக்கோணம்' என்ற சொல்லுக்கு என்னதான் பொருள்? இங்கே பெர்க்லி தரும் உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோட்டை இரு சமபாகமாகப் பிரித்துக் காட்ட ஒருவர் ஓர் அங்குல நீளத்தில் கறுப்புக் கோடு போடுகிறார். அது ஒரே ஒரு தனிக் கோடுதான். ஆனால் நிரூபணத்தில் அந்த அங்குலமும் கறுப்பும் எங்குமே வருவதில்லை. அதனால் எல்லாக் கோடுகளுக்கும் அது நிற்கிறது. சொல்லும் அப்படித்தான் பொதுவாகிறது.

'நாய்' என்றால் எனக்கு எங்கள் தெருமுனைச் செவலைதான் வருகிறது. உங்களுக்கு?