மிச்சமானால் என்ன செய்வீர்கள்?

ஐ.வி.எஃப். சிகிச்சைக்கான சம்மதப் படிவத்தில், மிச்சமாகும் கருக்களைப் பற்றிய பக்கத்தைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பத்து வருடம் வரை உறையவைக்கலாம், அதற்கப்புறம் அழியவிட வேண்டும், அல்லது தம்பதி சம்மதித்தால் ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். நான் ஒப்பிப்பேன், தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள்.

ஒரு பெண் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அழியவிடுறதுன்னா எப்படி மேடம்?”

மைனஸ் 196 டிகிரி நைட்ரஜன் டேங்கிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிடுவார்கள் என்றேன். “அதுக்கு உயிர் இருக்குல்ல?” என்றார். கணவர் வாட்சைப் பார்த்தார்.

வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டிவிட்டு வந்த கத்தோலிக்கர்கள். திருச்சபை ஐ.வி.எஃப்.பையே ஏற்பதில்லை, வத்திக்கான் அதை 1987-லேயே எழுதிக் கொடுத்துவிட்டது. அதனால் “ஃபாதர்கிட்ட கேட்டீங்களா?” என்றேன். அக்கறையில் கேட்டேனா, கழன்றுகொள்ளக் கேட்டேனா, இப்போதும் தெரியவில்லை. “கேட்டா வேண்டாம்னுதான் சொல்வாரு. தெரிஞ்சுதான வந்திருக்கோம். உங்ககிட்ட கேக்கேன்.”

பெரிய தடையைத் தாண்டி வந்துவிட்டு இதற்கு ஏன் நிற்கிறார் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. அப்புறம் யோசித்தால், அவருக்கு அது சட்டதிட்டமாகவே படவில்லை போலிருக்கிறது. அந்தப் பக்கத்தில் நான் கருக்களை எண்ணிக்கொண்டிருந்தேன், அவர் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பாவமா இல்லையா என்று சொல்ல நான் யார்? ஆனால் ஒரு வழி இருப்பதைச் சொன்னேன்: கருப்பையில் வைக்கப்போகும் அளவுக்கு மட்டும் கருவாக்கி, மீதியைக் கருமுட்டையாகவே உறையவைக்கலாம். உருக்கும்போது எல்லா முட்டையும் பிழைக்காது, வாய்ப்பு குறையும் என்பதையும் சேர்த்தேதான் சொன்னேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. “அப்ப ரெண்டு மட்டும் போதும்.”

அந்தத் தடவை கரு நிற்கவில்லை. எல்லாவற்றையும் கருவாக்கியிருந்தாலும் நின்றிருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, டாக்டரும் அப்படித்தான் சொன்னார், ஆனால் அதற்கு முன்னால், இதையெல்லாம் நோயாளிகளிடம் எடுத்துப் போட்டுக் குழப்புவது உன் வேலையா என்றும் கேட்டார். கணவர் என்னிடம் எதுவும் பேசவில்லை. பில்லிங் கவுண்டரில் மட்டும், அந்த மேடம் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இத்தனை லட்சம் வீணாகியிருக்காது என்றாராம்.

கேட்டவருக்குத்தானே சொன்னேன், அதில் என்ன தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சரி, தப்பில்லை என்றால் வருகிற எல்லோரிடமும் சொல்ல வேண்டும்தானே? சொல்வதில்லை. கழுத்தில் ஜெபமாலை தெரிந்தால் மட்டும் சொல்கிறேன், அதுவும் டாக்டர் பக்கத்தில் இல்லாதபோது.