தாய்ச்சொல்லை நம்பி நான் தவறாக உச்சரித்த இலக்கணச் சொற்கள்

ஆங்கில இலக்கணத்தில் எழுத்துத் தேர்வு எனக்குப் பயமே இல்லை. வாய்மொழித் தேர்வில் ஒரு வாக்கியத்தைப் பிரித்து விளக்கச் சொன்னார்கள். 'இன்ஃபைனைட்டிவ்' என்றேன். தேர்வாளருக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லச் சொன்னார். எத்தனையோ வருடம் எழுதிய சொல்லை அன்றுவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? 'ஃபைனைட் வெர்ப்' எனக்குத் தெரியும். அதில் 'ஐ' ஒலி இரண்டு முறை வருகிறது. அதையே இதிலும் போட்டுவிட்டேன். சரியான உச்சரிப்பு இன்ஃபினிட்டிவ். 'ஐ' ஒன்றுகூடக் கிடையாது, அழுத்தம் 'ஃபி'யில் விழும். அப்புறம் என் தவறுகளை நோட்டில் எழுதிப் பார்த்தேன். பெரும்பாலானவை இதே ரகம்: கிளைச்சொல்லைத் தாய்ச்சொல்லின் ஒலியிலேயே சொல்லியிருந்தேன்.

'கம்பேர்' தெரிந்ததால் கம்பேரட்டிவில் 'பேர்' என்று நீட்டினேன். உண்மையில் அதன் நடுவில் இருப்பது கிளிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'பேரட்'. 'ப்ரொனவுன்ஸ்' என்ற வினை பெயர்ச்சொல்லாகும்போது ப்ரனன்சியேஷன். 'நவுன்' போய் 'நன்' வரும், எழுத்திலும் ஒரு 'ஓ' குறையும். 'இன்டெரகேட்'டில் 'டெ'யை அழுத்துகிறோம். இன்டராகட்டிவில் அழுத்தம் 'ரா'வுக்கு நகர்ந்துவிடும். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது என்பதால் நமக்கு இதைக் கவனிக்கும் பழக்கம் இல்லை. என்னைக் கேட்டால், ஒவ்வோர் எழுத்தின் ஒலியையும்விட அழுத்தத்தை முதலில் சரிசெய்யுங்கள். கேட்பவருக்குச் சட்டென்று புரிய உதவுவது அதுதான்.

ப்ரெபசிஷனில் முதல் அசை 'ப்ரெ', 'ப்ரீ' அல்ல. ஜெரண்ட் 'ஜெ'யில் தொடங்கும், 'கெ' அல்ல.

இன்னொரு சிக்கல், தமிழில் எழுத்தே இல்லாத ஒலி. க்ளாஸ் (clause), ஃப்ரேஸ் (phrase) என்று எழுதினாலும் கடைசியில் வருவது பாம்பின் சீறல் அல்ல, வண்டின் ரீங்காரம். தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள், அதிர வேண்டும். 'டென்ஸ்' முடியும்போது அதிராது. 'பொசெசிவ்' (possessive) இதற்கு நல்ல பயிற்சி: முதல் இரட்டை 'ss' ரீங்காரம், இரண்டாவது சீறல். இதை மட்டும் தினமும் பத்து முறை சொன்னேன்.

அகராதியில் உச்சரிப்பைப் பார்க்கும்போது மேலே ஒரு சிறு கோடு நிற்கும். அதற்கு அடுத்து வரும் அசையைத்தான் அழுத்த வேண்டும். பார்க்க அபாஸ்ட்ரஃபி மாதிரி இருக்கும். அந்தச் சொல்லுக்கும் நான்கு அசைகள், அழுத்தம் 'பாஸ்'ஸில்.