வெள்ளத்தில் நனைந்த டிவி கேம்: வேலை எதுவரை வந்திருக்கிறது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் ஏறி வடிந்த பிறகு, நெல்லைப் பக்கத்துக் காயலாங்கடைகளுக்கு வீட்டுச் சாமான்கள் வண்டி வண்டியாக வந்தன. அப்படி வந்தவற்றில் மூன்று டிவி கேம் பெட்டிகள் இப்போது மேசையில் இருக்கின்றன. மூன்றுமே 1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். 60 பின் கேசட் போடுபவை. முதல் பெட்டி முழுதாக ஓடுகிறது. இரண்டாவது பாட்டு பாடுகிறது, படம்தான் கலங்கல். மூன்றாவது இன்னும் ஊமை.

நாற்பது வருஷப் பழைய வடிவமைப்பு இது. படத்தைச் சேர்த்துவைக்க இதில் நினைவகம் கிடையாது. டிவியின் ஒளிப்புள்ளி எந்த வரியில் ஓடுகிறதோ அந்த வரியைச் சிப் அப்போதைக்கப்போது வரைந்து அனுப்புகிறது. பட்டனை அமுக்கினால் அடுத்த படத்திலேயே மாரியோ குதிப்பது அதனால்தான். இந்தக் கைவேகத்தைப் பழகியவர்களுக்குப் புது மெஷின்கள் ஒரு அரைக்கணம் யோசிப்பது போலவே தோன்றும். இதற்காகவே இவற்றைக் காப்பாற்ற வேண்டும்.

முதலில் வண்டல். ஸ்குரூவைக் கழற்றிப் போர்டை வெளியே எடுத்து, பழைய டூத்பிரஷால் கழுவ வேண்டும். போர்வெல் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு காய்ந்து சிப்பின் கால்களுக்கிடையே வெள்ளையாகப் படியும். வண்டி பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் அரை லிட்டர் போதும். அதன்பின் மொபைல் ரிப்பேர் கடையில் கிடைக்கும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். நெல்லை வெயிலில் காயவைக்கத் தோன்றும், ஆனால் பிளாஸ்டிக் மூடி மஞ்சளாகி வளைந்துவிடும். நிழலில், ஃபேனுக்கு அடியில் ஒரு முழு நாள்.

கரண்ட் கொடுக்கும் முன் அடாப்டரைப் பாருங்கள். ஃபேமிகாமில் ஜாக்கின் நடுப்பின் மைனஸ். நகல்களில் எப்படி வேண்டுமானாலும் இருக்கும். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, வரும் கரண்டை 5 வோல்ட்டாக இறக்கும் மூன்று கால் 7805 ரெகுலேட்டரின் நடுக்காலோடு ஜாக்கின் எந்தப் பக்கம் சேர்கிறதோ அதுவே மைனஸ். 7805-க்குக் குறைந்தது 7 வோல்ட் உள்ளே வர வேண்டும்; 9 வோல்ட் சரி. 12 வோல்ட் கொடுத்தாலும் ஓடும், ஆனால் மிச்சமெல்லாம் சூடு: பெட்டி 300 மில்லியாம்பியர் இழுத்தால் 9 வோல்ட்டில் 1.2 வாட், 12 வோல்ட்டில் 2.1 வாட். பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரில் 9 என்று எழுதியிருந்தாலும் சும்மா அளந்தால் 12, 13 காட்டும். லோடு ஏறியதும் இறங்கிவிடும், பயப்பட வேண்டாம்.

திரையில் இரண்டு மங்கல் பட்டைகள் மெதுவாக நகர்ந்தால் கரண்டைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது என்று பொருள். 1000 மைக்ரோஃபேரட், 16 அல்லது 25 வோல்ட். கோடு போட்ட பக்கம் மைனஸ். முதல் பெட்டியில் இதை மாற்றியதுமே படம் தெளிந்தது. 25 வாட் சால்டரிங் இரும்புக்கு மேல் போகாதீர்கள். பழுப்பு நிறப் பேப்பர் போர்டில் சூடு நின்றால் செம்புத் தடம் உரிந்து கையோடு வந்துவிடும்.

அடுத்து ஏ.வி. வெளியீடு, அதாவது படத்தை ஆன்டெனா வழியாக இல்லாமல் நேராக டிவிக்குக் கொடுக்கும் ஜாக். முதல் பெட்டியில் ஆன்டெனா ஒயர் மட்டுமே இருந்தது. அந்த ஒயர் கிளம்பும் சிறு தகரப் பெட்டிக்குள் போகும் வீடியோ கம்பியை நேராக மஞ்சள் ஜாக்கில் சேர்த்தால் படம் இருண்டுபோகும், டிவியின் 75 ஓம் சுமையை அது தாங்காது. நடுவில் ஒரு பி.சி.557 டிரான்சிஸ்டர் வைத்தோம். பேஸில் வீடியோ, கலெக்டர் கிரவுண்டுக்கு, எமிட்டரிலிருந்து 150 ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு. அதே எமிட்டரிலிருந்து 75 ஓம், 220 மைக்ரோஃபேரட் வழியாக ஜாக்குக்கு. கெப்பாசிட்டரின் பிளஸ் எமிட்டர் பக்கம். எளிதாகக் கிடைக்கிறதே என்று பி.சி.547 போட வேண்டாம். வீடியோவில் படத்தை நிலையாக நிறுத்தும் சிங்க் பகுதி ஏற்கெனவே ஒரு வோல்ட்டுக்கும் கீழே இருக்கிறது. அந்த டிரான்சிஸ்டர் இன்னும் 0.65 வோல்ட் இறக்கிவிட்டால் சிங்க் வெட்டுப்பட்டு படம் உருளும்.

நிறம் வராவிட்டால், சிப்புக்குத் துடிப்பு கொடுக்கும் கிரிஸ்டலின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். 26.601 மெகாஹெர்ட்ஸ் என்றால் நம் ஊர் டிவியின் ‘பால்’ முறை, 21.477 என்றால் ஜப்பானில் இருந்த என்.டி.எஸ்.சி. முறை. கிரிஸ்டலை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஒரு படத்துக்கு 312 வரியா (‘பால்’) 262 வரியா (என்.டி.எஸ்.சி.) என்பது சிப்புக்குள்ளேயே இருக்கிறது. ‘பால்’ நகல்களில் சுருதி கிட்டத்தட்ட அப்படியே இருக்க, தாளம் மட்டும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும், ஏனென்றால் பாட்டு நொடிக்கு 50 படம் என்ற கணக்கில் நகர்கிறது. இந்தப் பெட்டிகளில் விளையாடி வளர்ந்தவர்களின் காதில் உள்ள மாரியோ பாட்டு அந்த மெதுவான பாட்டுதான்.

டிவி டியூப் டிவியாகவே இருக்கட்டும். அரசு 2006 முதல் வீடுவீடாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி கிடைத்தால் விடாதீர்கள். 256-க்கு 240 புள்ளிப் படத்துக்கு அந்த அளவு கச்சிதம். எல்.சி.டி.யில் பல டிவிகள் இந்த சிக்னலைப் பாதிப் பாதியாக வரும் படம் என்று எண்ணிக் கலந்து, தாமதப்படுத்தி, ஓரங்களைக் குழப்பிவிடும். வாத்து சுடும் துப்பாக்கி அதில் வேலையே செய்யாது. டியூப் டிவியின் பின்மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும்.

கேசட்டை ஊதக் கூடாது, மூச்சின் ஈரம் பின்னை அரிக்கும். உவரி, திருச்செந்தூர்ப் பக்கம் உப்புக்காற்று பட்ட கேசட்டுகளில் பச்சைப் பூப்பே இருக்கும். வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து ஆல்கஹாலில் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டாம். பாட்டு சரியாக ஓடிப் படம் கலங்கினால் படச் சிப்புக்குப் போகும் பின்கள் தொடவில்லை. ஒரே நிறத் திரையோடு நின்றுவிட்டால் புரோகிராம் பக்கத்துப் பின்களைச் சந்தேகிக்கலாம்.

ஜாய்ஸ்டிக்கில் ஒரு பட்டன் மட்டும் செத்திருந்தால் கறுப்பு ரப்பரைத் துடைத்தால் போதும். எல்லாமே செத்திருந்தால் ஒயர்: ஐந்து கம்பிகளில் ஒன்று, பெரும்பாலும் கழுத்தருகே, உள்ளே அறுந்திருக்கும்.

மூன்றாவது பெட்டியில் சிப் வரை 5 வோல்ட் வருகிறது, திரையில் ஒன்றுமில்லை. சிப் கரும்பிசின் சொட்டுக்குள் போர்டோடு ஒட்டியிருப்பதால் அதை மாற்ற வழியில்லை. இனி கிரிஸ்டலை மாற்றிப் பார்க்க வேண்டும். அதிலும் உயிர் வராவிட்டால் அதன் 60 பின் ஸ்லாட்டைக் கழற்றி இரண்டாவது பெட்டியில் வைப்போம். அங்கே படப் பக்கத்துப் பற்கள் சில துருவில் ஒடிந்திருக்கின்றன.