பனகல் பூங்கா ஒருவழியாக ஏரிக்குள் உட்கார்ந்தது

இந்த வாரம் வேலை முடிந்தது என்றே சொல்லலாம். 1900-களின் தொடக்கத்துச் சென்னை வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் படிய வைத்தாகிவிட்டது. பழைய ரயில் பாதை இன்றைய பாதையின் மேலேயே விழுகிறது, மவுண்ட் ரோடு அண்ணா சாலையோடு ஒட்டி ஓடுகிறது, தியாகராய நகரின் பனகல் பூங்கா நிற்கும் இடம் முழுக்க நீல நிறம். லாங் டேங்க்கின் தண்ணீர் அது. இதைப் பார்க்கத்தான் இவ்வளவு நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப சந்தோஷம்.

தெரிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நுங்கம்பாக்கத்தில் தொடங்கித் தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி அது. போட் கிளப்காரர்கள் படகுப் போட்டி நடத்தும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 வாக்கில் மாம்பலம் பக்கத்து ஏரியை வடித்து மனை போட்டார்கள். 1925-இல் மறைந்த தியாகராய செட்டியார் பெயர் ஊருக்கு வந்தது, அதுதான் தியாகராய நகர். நடுவில் விட்ட பூங்காவுக்கு, 1921 முதல் 1926 வரை முதல் மந்திரியாக இருந்த பனகல் அரசர் ராமராயநிங்கார் பெயர். நாயர் ரோடு, நடேசன் பூங்கா இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: நீதிக்கட்சியைத் தொடங்கிய மூவருமே இந்த ஒரு பேட்டைக்குள் இருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் ஜியோரெஃபரன்ஸ் (பழைய படத்தை இன்றைய நிலத்தோடு பொருத்துவது) செய்யத் தெரிந்தவர்களுக்கு, கட்டுப்பாட்டுப் புள்ளிகளை, அதாவது இரண்டு படத்திலும் அடையாளம் காண முடிகிற இடங்களை, படம் முழுக்கப் பரவலாக வைக்க வேண்டும் என்பது தெரியும். இங்கே அதற்கு வழியே இல்லை. நமக்கு வேண்டிய இடம் ஏரியின் நடு, ஏரிக்குள் என்ன அடையாளம் இருக்கும்? கோயில் இல்லை, தெருமுனை இல்லை, கிணறுகூட இல்லை. கிடைக்கிற புள்ளிகள் எல்லாம் கரைக்கு வெளியே. கிழக்கில் 1816-இல் திறந்த செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல் இருக்கிறது, அது அசையவே அசையாது. தெற்கில் சின்னமலையும் அடையாற்றை ரயில் பாதை கடக்கும் இடமும். மர்மலாங் பாலத்தை மட்டும் நம்ப மாட்டேன். கோஜா பெட்ரஸ் உஸ்கான் கட்டிய பழைய பாலத்தை எடுத்துவிட்டுத்தான் இன்றைய மறைமலை அடிகள் பாலம் வந்தது. பழைய கல்வெட்டு மிச்சம் இருக்கிறது, ஆனால் பாலத்தின் நடுக்கோடு அதே கோடுதானா என்பதற்கு அந்தக் கல்வெட்டு சாட்சி ஆகாது. அந்தப் புள்ளியைக் கணக்கில் சேராதபடி அணைத்து வைத்துவிட்டேன்.

மேற்குப் பக்கம்தான் பெரும் தொல்லை. அங்கே ரயில் பாதை ஒன்றுதான் உறுதியான அடையாளம், ஆனால் அது கோடு. கோட்டில் எந்த இடத்தைப் புள்ளியாக எடுப்பது? சாலை குறுக்கே போகும் இடங்களில் பழைய கேட்டுகள் போய்ச் சுரங்கப்பாதையும் மேம்பாலமும் வந்துவிட்டன, சாலையே கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அதனால் மேற்கே பாதையைப் புள்ளியாக எடுக்காமல், சோதனைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். மற்ற புள்ளிகளை வைத்துப் படத்தைப் படிய வைக்க வேண்டியது, அப்புறம் பாதை பாதையின் மேல் விழுகிறதா என்று பார்க்க வேண்டியது. விழுந்தால் நம்பலாம்.

இணையத்தில் பலர் 'பழைய வரைபடமா, தின் பிளேட் ஸ்ப்ளைன் போடு' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். படத்தை ரப்பர் மாதிரி வளைத்துப் பொருத்தும் முறை அது. தயவுசெய்து இப்படிப்பட்ட படத்துக்குப் போடாதீர்கள். ஸ்ப்ளைன் ஒவ்வொரு புள்ளியையும் இழுத்துப் பிடித்து உட்கார வைத்துவிடும், அட்டவணையில் பிழை பூஜ்யம் என்று காட்டும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த இழுப்பு எல்லாம் புள்ளி இல்லாத நடுப்பகுதியில்தான் போய்ச் சேரும், நமக்கோ நடுப்பகுதிதான் வேண்டும். பாலினோமியல் 1 போடுங்கள், அது படத்தை வளைக்காமல் மொத்தமாக நகர்த்தி, திருப்பி, நீட்டிப் பொருத்தும் முறை. மூன்று புள்ளி இருந்தாலே அது ஓடும், கூடுதலாகக் கொடுத்தால் எந்தப் புள்ளி எவ்வளவு விலகுகிறது என்று மறைக்காமல் சொல்லும். ஒவ்வொரு புள்ளியாக அணைத்துவிட்டு, அணைத்த புள்ளி எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். இந்த ஒரு பரிசோதனை அட்டவணையில் வரும் எண்ணைவிட மேலானது. பூங்காவை எந்தச் சேர்க்கையில் வைத்தாலும் தண்ணீருக்குள்தான் விழுந்தது. அதனால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன்.

ஸ்கேன் பற்றியும் சொல்ல வேண்டும். நகரத்தில் பெரிய தாள் ஸ்கேன் செய்யும் கடைகளில் பெரும்பாலும் தாளை உள்ளே இழுக்கும் இயந்திரம்தான் இருக்கிறது. இழுக்கும் திசையில் படம் நீண்டுவிடும், அதுவும் மடிப்பு விழுந்த பழைய தாள் என்றால் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு குலுக்கல். நான் போன கடையில் 'அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது சார்' என்று அனுப்பிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன, பல மீட்டர் தள்ளிப் போகிறதே! சமதளக் கண்ணாடி ஸ்கேனரில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவதுதான் சரி. நேரம் பிடிக்கும், ஆனால் பிறகு அழ வேண்டியதில்லை.

இப்போது படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தெருக்களைப் பார்த்தால் விட்டு விலக மனம் வரவில்லை. ஜி.என். செட்டி ரோடும் தியாகராயா ரோடும் வெங்கடநாராயணா ரோடும் பூங்காவிலிருந்து விசிறி மாதிரி விரிகின்றன. ஏற்கனவே ஊர் இருந்த இடத்தில் இப்படி நேர்கோடு இழுக்க முடியாது. காய்ந்த ஏரிப் படுகை கிடைத்ததால்தான் இழுக்க முடிந்தது. முதலில் பூங்கா, அப்புறம்தான் கடைவீதி. இன்றைக்கு நகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவே பூங்கா ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தெரிகிறதே, அந்த வரிசையே தலைகீழ். மாம்பலம் கால்வாய் வள்ளுவர் கோட்டம் பக்கமிருந்து இந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் அடையாற்றுக்குப் போகிறது. 2021 நவம்பர் மழையில் ஜி.என். செட்டி ரோட்டில் தண்ணீர் நின்ற படங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீருக்குப் பழைய இடம் நன்றாகவே ஞாபகம் இருக்கிறது.

அடுத்த அடுக்கு மெட்ரோ. கலங்கரை விளக்கம் – பூந்தமல்லித் தடத்தின் சுரங்க நிலையம் பூங்காவில் வருகிறது. அதற்காகப் பூங்காவின் பெரும்பகுதியை அடைத்து வேலை நடந்ததைக் கூகுள் எர்த்தின் பழைய படங்களில் வருடவாரியாகப் பார்க்கலாம். வேலைக்கு முன் நின்ற மரங்களின் நிழலை அந்தப் படங்களிலிருந்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருக்கிறேன். பூங்காவைத் திரும்ப அமைக்கும்போது எது எங்கே நின்றது என்று சொல்ல ஒரு கணக்காவது இருக்க வேண்டும்.

அதற்குள் மனம் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய்விட்டது. 1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர் பெயரில் இருந்த பூங்காதான் இன்றைய மே தினப் பூங்கா. அங்கே பிரச்சினை நேர் எதிர்: கூவம், பாலங்கள், பேட்டைத் தெருக்கள் என்று சுற்றிலும் புள்ளிக்குக் குறைவே இல்லை.

ஆனால் லாங் டேங்க்கின் மேற்குக் கரையை இன்னும் வரைந்து முடிக்கவில்லை. கிழக்கே கட்டிய கரை, அது ஒரே கோடு. மேற்கே தண்ணீர் மழைக்கு ஏறும், கோடையில் இறங்கும். அதனால் அங்கே ஒரு கோடு போடாமல் ஒரு பட்டையாக வரையப் போகிறேன். மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோடு அந்தப் பட்டைக்குள் வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. யார் வீட்டிலாவது 1920-களின் தியாகராய நகர் அல்லது மாம்பலம் கிரயப் பத்திரம் இருந்தால், நான்கெல்லை விவரத்தை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். ஏரி, கரை, வாய்க்கால் என்று எந்தச் சொல் இருந்தாலும் போதும். பெயரோ தொகையோ வேண்டாம், எல்லையும் சர்வே எண்ணும் இருந்தால் ஒரு புள்ளி கிடைத்துவிடும்.