அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கொடிகள்: தையல் எதுவரை வந்திருக்கிறது

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) இரு தரப்பும் பிடித்த கொடிகளை அசல் அளவில் கால் பங்காகக் கையாலேயே தைத்து வருகிறேன். வட தரப்பின் காலாட்படைக் கொடி, பிரிந்து போன தெற்கு மாநிலங்களின் முதல் தேசியக் கொடி, அவற்றின் போர்க்கொடி மூன்றும் முடிந்துவிட்டன. இப்போது கையில் இருப்பது தெற்கின் கடற்படைக் கொடி.

வட தரப்புக் கொடி அசலில் 6 அடி உயரம், ஆறரை அடி நீளம், பட்டு. மெல்லிய பட்டில் 34 நட்சத்திரங்களை வெட்டித் தைத்தால் துணி சுருங்கி இழுக்கும். அந்தக் காலத்துப் பட்டுக் கொடிகள் பலவற்றில் பொன்வண்ணத்தில் தீட்டியே விட்டிருக்கிறார்கள். நானும் அப்படியே செய்தேன். பிரிந்து போன மாநிலங்களின் நட்சத்திரங்களை எடுக்க லிங்கன் சம்மதிக்கவில்லை. அதனால் எண்ணிக்கை குறையவே இல்லை. 1863 ஜூலையில் மேற்கு வர்ஜீனியாவின் நட்சத்திரமும் சேர்ந்து 35 ஆனது.

தெற்கின் முதல் கொடி 1861 மார்ச் 4 அன்று ஏற்றப்பட்டது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு என மூன்று பட்டைகள், மூலையில் நீலக் கட்டம், அதற்குள் வட்டமாக ஏழு நட்சத்திரங்கள். தைக்க ரொம்பச் சுலபம். முடித்ததும் இரண்டையும் காற்றில்லாத இடத்தில் அருகருகே தொங்கவிட்டு, தள்ளிப் போய் நின்று பார்த்தேன். மடிப்பில் நட்சத்திரங்கள் ஒளிந்துகொள்ள, மிஞ்சியது சிவப்பும் வெள்ளையும் கொஞ்சம் நீலமும்தான். எது எவருடையது என்று சொல்லவே முடியவில்லை. 1861 ஜூலை 21 அன்று மனாசஸ் களத்தில் புகைக்கும் புழுதிக்கும் நடுவே தெற்கின் தளபதி போரகார்ட் தவித்தது இதனால்தான்.

அந்தக் குழப்பத்துக்குப் பிறகு வந்ததுதான் சிவப்பில் நீலப் பெருக்கல் குறி போட்ட சதுரப் போர்க்கொடி. காலாட்படைக்கு 48 அங்குலம், பீரங்கிப் படைக்கு 36, குதிரைப்படைக்கு 30. என்னுடையது 12 அங்குலம். என்னை அதிக நேரம் உட்கார வைத்ததும் இதுதான். நான்கு சிவப்பு முக்கோணங்களுக்கும் இரண்டிரண்டு ஓரங்கள் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, விழுகின்றன. கிராஸ் வெட்டில் துணி ரப்பர் மாதிரி இழுபடும். நீலப் பட்டையை மட்டும் நேர் இழையில் வெட்டி, முதலில் நூலோட்டிப் பிடித்துக்கொண்டு, முக்கோணத்தை இழுக்காமல் மேலே படுக்க வைத்துத் தைத்தேன். கொடி தட்டையாக உட்கார்ந்தது. நட்சத்திரங்கள் பருத்தி, முன்பக்கம் ஒன்று, அதற்கு நேர் பின்னால் ஒன்று. ஐந்து முனைகளிலும் மடிப்பை ஊசி நுனியால் உள்ளே தள்ளித் தள்ளித் தைக்க வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்த அரசின் கொடி இது. இதைத் தனியாக மாட்டமாட்டேன். வட தரப்புக் கொடி பக்கத்தில் இருந்தால்தான் வரலாறு முழுமையாகும்.

சரி, கடற்படைக்கு வருகிறேன். கப்பல் கொடிக்குக் கம்பளியில் நெய்த பண்டிங் துணிதான் வழக்கம். ஏன் என்று பார்க்க, பட்டுத் துண்டையும் கம்பளித் துண்டையும் நனைத்து மின்விசிறி முன் கட்டினேன். பட்டு கம்போடு ஒட்டிக்கொண்டது. இழை தளர்வாக இருந்த கம்பளி சீக்கிரம் உதறிக்கொண்டு பறந்தது. 1863 மே மாதம் தெற்கு ஏற்ற இரண்டாவது தேசியக் கொடியின் பெரும்பகுதி வெறும் வெள்ளை, மூலையில் மட்டும் போர்க்கொடி. கடற்படை அதையே கொஞ்சம் குட்டையாக, 2:3 விகிதத்தில் வைத்துக்கொண்டது. காற்று நின்றால் சரணடையும் கொடி மாதிரித் தெரிகிறது என்ற புகார் எழுந்து, 1865 மார்ச் 4 அன்று ஓரத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புப் பட்டை சேர்த்தார்கள். அதற்குள் போரே முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. கடைசியாக இறங்கிய கொடி தெற்கின் ஷெனண்டோவா போர்க்கப்பலுடையது. 1865 நவம்பர் 6, இங்கிலாந்தின் லிவர்பூல்.

என் கொடியில் வெள்ளைப் பகுதி முடிந்தது, மூலைக் கட்டம் பாக்கி. அப்புறம் வட தரப்பில் கறுப்பின வீரர்கள் போரிட்ட 54ஆவது மாசசூசெட்ஸ் படைப்பிரிவின் கொடியை எடுக்கிறேன். 1863 ஜூலை 18 அன்று தெற்கின் வாக்னர் கோட்டையைத் தாக்கியபோது கொடி பிடித்தவர் விழுந்ததும் வில்லியம் கார்னி அதை ஏந்தி, பலமுறை காயம்பட்டும் தரையில் படவிடாமல் கொண்டுவந்தார். அவருக்கு வீரப் பதக்கம் கிடைத்தது 1900இல். அந்தக் கொடிக்கு மஞ்சள் குஞ்சம் உண்டு. கால் அளவுக்குப் பொருந்தும் மெல்லிய குஞ்சம் கிடைக்காததால் பட்டு நூலை முறுக்கி நானே செய்யத் தொடங்கியிருக்கிறேன்.